எனக்கு இரண்டு தம்பிகள் இருந்த மாதம்

என் சாவுக்கு முதலில் அழுதவர் பக்கத்து வீட்டு ரமணம்மா. அவர் அழுதபோது நான் சமையலறையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

கூடத்திலிருந்து, "அய்யோ கீதா, எந்த பனி சேசாவே தல்லீ" என்று குரல் கேட்டது. ரமணம்மா அழுவது தெலுங்கில், சண்டை போடுவது தமிழில். அப்படி நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று புரியாமல் தோசைக் கரண்டியோடு வெளியே வந்தேன்.

வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் என் படம் மாட்டியிருந்தது. பெரிய படம். தங்க நிறச் சட்டம், எனக்குப் பின்னால் நீல வானம், சட்டத்தின் மேல் ஒரு முழம் மல்லிகை. ரமணம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அதன் முன் நின்றிருந்தார்.

"எப்ப ஆச்சுடி? எனுக்கு ஒரு போன் கூட பண்ணலியே" என்று படத்தையே கேட்டார்.

"இன்னா ஆச்சு ரமணம்மா?" என்றேன்.

திரும்பினார். ஒரு கண்ணில் வெள்ளை மறைப்பும் கையில் கரண்டியுமாக நான் நின்றேன். அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. "நான்தான், பாருங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரைத் தேற்றுவதற்காகக் கண் மறைப்பைப் பிய்த்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. உள்ளே இருந்த கண் பழுத்த மிளகாயின் நிறத்தில் இருந்தது. ரமணம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறைப்பை எடுத்துவிட்டதால், என் பார்வையில் இரண்டு ரமணம்மாக்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஒரு கண் காதைப் பார்த்தது

திருப்பதி லாட்ஜ் ஒன்றின் ரிசெப்ஷனில் நான் ஒரே சாவியை இரண்டு குடும்பங்களுக்கு நீட்டிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "அது எப்படியம்மா முடியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியும் ஐயா. நான் ஒருவரைப் பார்த்துத்தான் நீட்டினேன். இரண்டு பேர் கை நீட்டினார்கள்.

எனக்கு மாறுகண். இடது கண் உங்களைப் பார்த்தால் வலது கண் உங்கள் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும். பிறக்கும்போது அப்படி இல்லை. ஐந்து வயதில் கடுமையான காய்ச்சல் வந்து, ஒரு வாரம் கழித்து எழுந்தபோது வலது கண் காதுப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

எங்கள் நைனா லாரி டிரைவர். சித்தூரிலிருந்து சென்னைக்கு மாங்காய் லோடு அடிப்பவர். எனக்குக் கண் ஒதுங்கிய இரண்டாம் நாள் அவர் லோடோடு கிளம்பினார். நகரி தாண்டியதும் முன் டயர் வெடித்து, வண்டி வயலில் இறங்கி நின்றது. நைனாவுக்கு ஒரு கீறல் இல்லை. ஒரு மாங்காய்கூடக் கீழே விழவில்லை என்று கடைசி வரை சொல்வார். அன்று கிளம்பும்போது அவர் எதிரே வந்து நின்ற முகம் என்னுடையது.

எங்கள் பக்கம் மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள். இதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னாராம். "வூட்டுக்கு வந்த அதிர்ஷ்டத்தை யாராச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவாங்களா?" என்று நைனா கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து நான் எங்கள் தெருவின் பொதுச்சொத்து. பரீட்சை, பெண் பார்ப்பு, கோர்ட்டு வாய்தா, ரமணம்மா குப்பம் என்ற ஊரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவது, எல்லாவற்றுக்கும் நான் எதிரே வர வேண்டும். அதுவும் தற்செயலாக வர வேண்டும். தற்செயலாக வருவதற்காகத் தலைகூட வாராமல் தெருமுனையில் காத்திருப்பேன். அங்கிருந்து யாராவது கை காட்டினால் நடக்க ஆரம்பிப்பேன். சிலருக்கு நடை பிடிக்காமல் போய், "திரும்பப் போய் வாடி" என்று சொன்னதும் உண்டு.

எல்லாருக்கும் எதிரே போனேன். எனக்கு எதிரே நான் எப்படிப் போவது? என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை கூடவே தன் நண்பரையும் அழைத்து வந்திருந்தார். நான் காபியைக் கொடுத்து நிமிர்ந்தேன். இருவரும் வெட்கப்பட்டார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

லாட்ஜில் தினமும் இதே கூத்துதான். "எத்தனை பேர் சார்?" என்று கேட்பேன். கேட்கப்படாதவர் நாலு என்பார். கேட்கப்பட்டவர், நான் யாரிடம் பேசுகிறேன் என்று தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடுவேன். அந்தத் திரும்பல் மட்டும் எனக்கு வலிக்கும். முப்பது வருடத்தில் அது பழகவே இல்லை.

ஒரு தேதி

பெரியவர்களுக்கும் இந்த ஆபரேஷன் செய்வார்கள் என்று லாட்ஜில் தங்க வந்த ஒரு நர்ஸ்தான் சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. சொன்ன வாரமே திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மா என் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிப் பட்டைகளை வைத்து வைத்து எடுத்தார். "அஞ்சு வயசு வரைக்கும் ரெண்டு கண்ணும் ஒண்ணா வேலை செஞ்சிருக்கு. அந்தப் பழக்கம் மூளையில எங்கயாவது இருக்கும். கண்ணை நான் நேராக்கிடுவேன். ரெண்டும் சேர்ந்து பார்க்குமான்னு மட்டும் இப்ப சொல்ல முடியாதும்மா. சேரலாம், சேராமலும் போகலாம்" என்றார். ஒரு தேதியும் கொடுத்தார். அதை விட்டால் நாலு மாதம் ஆகும்.

அந்தத் தேதிதான் வீட்டில் வெடித்தது.

என் தம்பி பாபு நாலு வருடமாகப் போலீஸ் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தான். அந்த வருடம்தான் முதல் முறையாக எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். பாக்கி இருந்தது ஓட்டமும் உடம்புப் பரிசோதனையும். அடுத்த முறை என்றால் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி. என் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் அவனுடைய ஓட்டம்.

"அக்கா, என் ஓட்டம் முடியட்டும். அப்பால கண்ணை இன்னா வேணா பண்ணிக்கோ" என்றான்.

"இத்தினி வருசமா எல்லாருக்கும் நின்னேன்டா. இந்த ஒரு தேதி எனுக்கு."

"நீ எதிர்ல வந்தும் நாலு தபா பூடுச்சு. இப்ப அதுவும் இல்லேன்னா?"

நாலு தடவை நான் எதிரே வந்தும் தோற்றிருக்கிறானே, அப்படியானால் என் கண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அந்தக் கணக்கெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. "இந்த வேலை பூட்டா உன் கண்ணாலதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

தள்ளிப் போட்டுவிடலாமா என்று பேருந்தில் திருப்பதி போகும்போதெல்லாம் யோசித்தேன். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஆனாலும் தள்ளிப் போடவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

டாக்டரம்மாவின் பால்காரர்

ஆபரேஷன் எனக்குத் தெரியாமலே நடந்து முடிந்தது. கண்ணை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த தசையைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தைத்தார்களாம். கண்ணைத் திறந்ததும் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. கண்ணாடியைக் கொடுத்தார்கள். ரத்தச் சிவப்பாக ஒரு கண், ஆனால் நேராக என்னையே பார்த்தது. நான் அழுதேன். கண்ணாடிக்குள் இரண்டு பேர் அழுதார்கள்.

"டாக்டரம்மா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றேன்.

"தெரியட்டும். தெரிஞ்சாத்தான் நல்லது" என்றார். "இத்தனை வருஷமா உங்க மூளை ஒரு கண்ணோட படத்தை வேணாம்னு ஒதுக்கி வெச்சிருந்தது. இப்போ நான் கண்ணை நகர்த்திட்டேன். அந்தச் சேதி மூளைக்கு இன்னும் போகல. வீடு மாறினா பால்காரர் கொஞ்ச நாள் பழைய வாசல்லயே பாக்கெட்டை வெச்சிட்டுப் போவாரு இல்ல? அப்படித்தான். தசையும் புது இடத்துக்குப் பழகணும்."

"எத்தினி நாள் மேடம்?"

"பால்காரரைப் பொறுத்தது."

ஒரு பென்சிலை எடுத்து அதன் மேல் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். கையை நீட்டிப் பிடித்து, புள்ளியைப் பார்த்துக்கொண்டே மெல்ல மூக்குக்குக் கொண்டு வர வேண்டும். புள்ளி ஒன்றாகவே இருக்க முயல வேண்டும். இரண்டாகிவிட்டால் மறுபடி கையை நீட்ட வேண்டும். ஒரு வேளைக்கு இருபது தடவை, நாளைக்கு மூன்று வேளை. அடுப்படிக்கும் மாடிப்படிக்கும் மட்டும் மறைப்புப் போடலாம். மற்ற நேரம் இரண்டு கண்ணையும் திறந்தே வைக்கச் சொன்னார்.

இரண்டு இட்லிக்கு நாலு

வீட்டில் முதல் நாள் காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். இரண்டு டம்ளரில் எது நிஜம் என்று யோசித்துத்தான் ஊற்றினேன். தப்பான டம்ளரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அம்மா தட்டில் இரண்டு இட்லி வைத்தால் நாலு தெரியும். தின்னும்போது மட்டும் இரண்டுதான் இருக்கும். தெருவில் எதிரே வந்த ஒற்றைப் பசுவுக்கு இரண்டு பசுவுக்கான வழி விட்டுச் சாக்கடையில் கால் வைத்தேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இல்லாத பேருந்தின் படியில் ஏறப் பார்த்து, கண்டக்டரிடம் "ஜாக்ரத்தம்மா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஒரு தம்பி பேசாமல் இருந்தாலே வீடு வீடாக இருக்காது. எனக்கு இரண்டு தம்பிகள் பேசாமல் இருந்தார்கள். காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போகும்போது ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் குனிந்திருப்பார்கள். நான் கூடத்தில் பென்சிலை மூக்குக்கு இழுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் வெளியே போவார்கள்.

அவன் போனதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கடவுளே, இவன் தேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் கண்ணால் இவன் முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைப்பேன்.

அம்மாவின் ஏற்பாடு

அம்மா யார் பக்கமும் பேசவில்லை. நடுவில் நின்று தனியாக ஒரு ஏற்பாடு செய்தார். என் பழைய படங்களையெல்லாம் கட்டிலில் பரப்பி, எதில் மாறுகண் நன்றாகத் தெரிகிறது என்று தேடிப் பிடித்தார். அதை எடுத்துக்கொண்டு கடைத்தெரு ஸ்டூடியோவுக்குப் போனார். பாபு ஓட்டத்துக்குக் கிளம்பும்போது பழைய கீதா எதிரே இருக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் படமாவது இருக்கட்டும் என்பது அவர் திட்டம்.

ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர். பெரிதாக்கிய படத்தைக் காட்டி, "கண்ணு கொஞ்சம் ஒதுங்கியிருந்துச்சும்மா, கம்ப்யூட்டர்ல நேராக்கிட்டேன்" என்றிருக்கிறார்.

"யாரைக் கேட்டு நேராக்கினே? பழையபடி கோணலாக்கு" என்று அம்மா அங்கேயே சண்டை பிடித்திருக்கிறார். பேச்சுவாக்கில், "அந்தக் கண்ணு பூடுச்சுப்பா, இனிமே இந்தப் படத்துல பார்த்தாத்தான் உண்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ஸ்டூடியோக்காரர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? மறு பேச்சுப் பேசாமல் கண்ணைக் கோணலாக்கி, பின்னால் நீல வானத்தைச் சேர்த்து, தங்க நிறச் சட்டமும் போட்டு, கைகூப்பி அனுப்பிவிட்டார். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அதைக் கூடத்தில் மாட்டினார். அன்று வெள்ளிக்கிழமை. பூ மிச்சம் இருந்ததால் அம்மா ஒரு முழத்தைச் சட்டத்தின் மேல் போட்டார்.

ஒரு மாதம் குப்பத்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, என் ஆபரேஷன் சேதியே தெரியாமல், அன்று காலைதான் ரமணம்மா ஊர் திரும்பியிருந்தார்.

தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் தமிழுக்கு மாறினார். "உசுரோட இருக்கிற பொண்ணுக்குப் பூ போட்டு மாட்டியிருக்கியே, உனுக்கு புத்தி இருக்குதா?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னை. "கண்ணை நேராக்கிக்கினு நிக்கிறியே, இனிமே நான் குப்பம் போவறப்போ யாருடி எதிர்ல வருவா?" அவர் அழுததில் பாதி எதற்கு என்று அப்போது விளங்கியது.

பயிற்சி முடிந்து உள்ளே வந்த பாபு, படத்தையும் பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது.

ரமணம்மா விடவில்லை. "சிரிக்காதடா. உசுரோட இருக்கிறவங்க படத்துக்குப் பூ போட்டா எவ்ளோ பெரிய அபசகுனம் தெரியுமா? அதுவும் நீ போவப்போற நேரத்துல."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மா பதறிப்போய்ப் படத்தைக் கழற்றித் துணி சுற்றி பீரோவுக்கு மேலே கவிழ்த்துப் போட்டார். இப்போது அவனுக்கு நிஜக் கண்ணும் இல்லை, படத்துக் கண்ணும் இல்லை. வெறும் சுவரும் ஒரு ஆணியும்தான் இருந்தன. அவன் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பழையபடி பேச்சை நிறுத்திக்கொண்டான்.

மூக்கு

அந்த நாளும் வந்தது. விடிந்தும் விடியாத நேரம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே சமையலறையிலேயே நின்றேன். எதிரே போனால் நான்தான் கெடுத்தேன் என்பான். போகாவிட்டாலும் அதையேதான் சொல்வான்.

"அக்கா" என்று குரல் வந்தது.

வந்து பார்த்தேன். வாசற்படியில் ஷூ போட்டுக்கொண்டு இரண்டு தம்பிகள் நின்றார்கள்.

"எனுக்கு பயமா இருக்குது" என்றான். "ஒரே ஒரு தபா… பழைய மாதிரி வெச்சிக்கியேன்."

கண்ணை ஒரு நிமிடம் காதுக்கு அனுப்பு என்கிறான். அது என்ன என் இஷ்டத்துக்கா போனது? கோபம் வந்தது. ஆனால் அந்த இரண்டு பேரும் கட்டிய ஷூக் கயிற்றையே குனிந்து மறுபடி கட்டினார்கள். இருபத்தெட்டு வயதுக்காரன், ஐந்து வயதுப் பிள்ளையைப் போல நின்றான்.

எனக்குத் தெரிந்த கோணல் இப்போது ஒன்றுதான். பென்சில் கோணல். அவன் தோளைப் பிடித்து ஒரு கை தூரத்தில் நிறுத்தினேன். அவன் மூக்கு நுனியைப் புள்ளியாக வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் சேர்த்து உள்ளே இழுத்தேன். கண் கடுத்தது. இரண்டு தம்பிகளும் மெல்ல நகர்ந்தார்கள். ஒருவன் காது இன்னொருவன் கன்னத்தில் ஏறியது. நாலு கண் மூன்றாகியது. பிறகு ஏதோ ஒன்று உள்ளே சட்டென்று பொருந்தியது.

ஒரு தம்பி. ஒரே ஒரு தம்பி.

அது மட்டுமா? அவன் மூக்கு முகத்தைவிட்டு வெளியே வந்து, தனியாக, என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கன்னம் உள்ளே இருந்தது. அதற்கும் பின்னால் காது. அத்தனை வருடமாக நான் பார்த்த முகம் சுவரில் ஒட்டிய படம்போலத் தட்டையானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏன்டா, உன் மூக்கு இவ்ளோ நீட்டமா?" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இன்னாது?"

"மூக்குடா. எனுக்கு முன்னாடியே வந்து நிக்குது. ஓட்டத்துல நீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடி உன் மூக்கு போய்ச் சேர்ந்துடும்."

அவன் மூக்கைத் தடவிப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. "லூசு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். தெருவில் நாலு அடி போவதற்குள் மறுபடி இரண்டு பேராகிவிட்டான். ஆனால் பால்காரருக்குப் புது வாசல் தெரிந்துவிட்டது. எனக்கு அது போதும்.

மத்தியானம் போன் வந்தது. எடுக்கக் கை வரவில்லை. அம்மா எடுத்து என் காதில் வைத்தார்.

"தேறிட்டேன்க்கா" என்றான். "ஓட்டம், அளவு, எல்லாம் முடிஞ்சுது. அக்கா, ஒரு விசயம் தெரியுமா? கண்ணு டாக்டர் விரலை இப்படி அப்படி ஆட்டிப் பார்த்தாரு. மாறுகண்ணு இருந்தா இந்த வேலைக்கே எடுக்க மாட்டாங்களாம்."

இந்தக் கண்ணை அதிர்ஷ்டம் என்ற நைனாவின் முகம் நினைவுக்கு வந்தது. "அப்போ நான் பழைய கண்ணோட வந்திருந்தா என்னை வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க" என்றேன்.

"உன்னை எங்க நிறுத்துறது? போம்மான்னு உன்கிட்ட சொன்னா பக்கத்துல இருக்கிறவன் போயிருப்பான்" என்றான்.

ஒரு மாதம் கழித்து என் தம்பி என்னைக் கேலி செய்தான். போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தேறவில்லை என்று நினைத்து அம்மாவும் கூடச் சேர்ந்து அழுதார்.

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினான். கூடவே ஓட்டத்தில் தேறிய இரண்டு சினேகிதர்கள். வாசலில் ரமணம்மா, எதிர்வீட்டுக்காரர்கள், யாரென்றே தெரியாத நாலைந்து பேர். என் கண்ணுக்கு அத்தனை பேரும் இரண்டிரண்டாக, ஒரு கல்யாணக் கூட்டமே நின்றது.

நான் படியில் நின்று பாபுவின் மூக்கைத் தேடிப் பிடித்தேன். கண்ணை மெல்ல இழுத்தேன். அவன் ஒருவன் ஆனான்.

"வாடா" என்றேன்.

சினேகிதர்கள் யாரும் "என்னையா?" என்று கேட்கவில்லை. ரமணம்மா தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டவன் மட்டும் வந்தான்.